ராஜாவுக்கு ராணிமேல் என்ன கோபம்?

போன ஞாயிறு செங் என்ற ஊரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்தில் வந்து உட்கார்ந்த கனகம் முதலில் என்ன செய்தாள் தெரியுமா? நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"நீ கிள்ளுவ லா!"

எண்பதைத் தாண்டியும் மறக்கவில்லை, பாவி!

வெள்ளைக்காரன் ஆட்சியில் காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் போட்ட அவசரகாலம் அது. செலண்டார் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஆறு மணிக்கு கேட் பூட்டு. அதனால் பொங்கல் நாடகம்கூட மத்தியானமே! பதினைந்து வயதில் நான் ராஜா. பக்கத்து வீட்டுக் கனகம் ராணி.

வீட்டிலோ வேறு நாடகம். ஐசி என்ற அடையாள அட்டை இல்லாமல் அம்மாவின் அண்ணன் வந்து தங்க, போலீஸ் அப்பாவைக் கூட்டிப்போய் ஒரு நாள் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தது. அன்றிலிருந்து அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எல்லாம் என் வழியாகத்தான். "உங்கம்மாகிட்ட சொல்லு..." "உங்கப்பாகிட்ட சொல்லு..."

அந்த எரிச்சலை யாரிடம் காட்டுவது? ராணி இருந்தாளே! ஒத்திகையில் ராஜா கையைப் பிடிக்கும் இடத்தில் கிள்ளினேன். கனகம் நிஜமாகவே அழுதாள். "தத்ரூபம்!" என்று வாத்தியார் எங்கள் இருவரையும் பாராட்டினார்...

நாடகத்தன்று மேடை ஏறியதும் வசனம் மறந்தது. வாயில் வந்தது அப்பாவின் குரல்.

"காவலா! ராணிகிட்ட சொல்லு, அவ அண்ணனால என் மானமே போச்சு!"

காவலாளி வேஷக்காரிக்கு வசனமே கிடையாது. அவள் திருதிருவென்று விழித்தாள். கனகம் இடுப்பில் கை வைத்தாள். அச்சு அசல் என் அம்மா!

"காவலா! ராஜாகிட்ட சொல்லு, சோறு பானையில இருக்கு. வேணும்னா போட்டுத் தின்னட்டும்!"

கூட்டம் சிரிப்பில் அதிர்ந்தது. லயத்துப் பலகைச் சுவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது! ராஜா தேம்பித் தேம்பி அழுதார். கனகம் முந்தானையால் என் முகத்தைத் துடைக்க, கரி மீசை காதுவரை போயிற்று.

வீடு திரும்பும்போது அப்பா, அம்மாவைப் பார்த்தே கேட்டார். "அவ்ளோ சத்தமாவா பேசுறோம்?"

"நீங்கதான்!" என்றாள் அம்மா. சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

வீட்டில் யார்மேலோ உள்ள கோபத்தை நாம் வெளியில் இளைத்தவர்மேல்தானே இறக்குகிறோம்? மறுநாள் கனகத்திடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அதெல்லாம் வேணாம் லா," என்றாள். "அடுத்த நாடகத்துல நான்தான் ராஜா!"