யார் சொல்லி ஐயாவுக்குத் தெரியும்?

தையல்காரம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு போனது ஒரு திங்கட்கிழமை. முந்தைய நாள் ஆராதனையில் பிரசங்கம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து வெளியே போயிருந்தாள். தலைவலியாக இருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். போதகரம்மா மட்டும் அப்படி நினைக்கவில்லை. மறுநாள் காலையில் அவள் அள்ளி முடிந்த கொண்டையோடு ஓடி வந்தபோது, வாசலில் ஒரு சின்ன வண்டி நின்றது. தையல் இயந்திரம் ஏற்கனவே ஏறிவிட்டது. துணி மாட்டும் பொம்மையைக் கட்டிப்பிடித்தபடி தையல்காரம்மாவின் மகள் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது, சொல்லாம கொள்ளாம?"

"உங்ககிட்ட சொன்னா ஞாயித்துக்கிழமை சபைக்கே தெரிஞ்சிடுமேக்கா."

"சத்தியமா நான் யார்கிட்டயும் வாயத் திறக்கல."

"அப்ப தேவதூதன் வந்து ஐயா காதுல ஓதினாராக்கும்?" தையல்காரம்மா நூல்கண்டுப் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "வண்டிய எடுப்பா."

வண்டி தெரு முனையில் திரும்பியது. போதகரம்மாவின் கைப்பையில் அலைபேசி ஒரு முறை முனகியது. எடுத்துப் பார்த்தாள். தினமும் விடிந்ததும் போதகர் காலை தியானம் அனுப்பும் சபைக் குழுவிலிருந்து தையல்காரம்மா வெளியேறியிருந்தாள்.

விஷயம் இதுதான். தையல்காரம்மாவுக்கு ஓர் அண்ணன். அம்மாவின் நகையை எடுத்துக்கொண்டு ஓடிப்போனவன், பல வருடம் கழித்து ஒரு மழை நாளில் உடம்பெல்லாம் காய்ச்சலாக வந்து கதவைத் தட்டினான். குரல் கேட்டும் அவள் திறக்கவில்லை. தட்டுகிற சத்தம் காதில் விழக்கூடாது என்று இயந்திரத்தை வேகமாக மிதித்துக்கொண்டே இருந்தாள். அவன் போய்விட்டான். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் செத்தும் போனான். கல்யாணக் கவுனுக்குச் சரிகை வைக்கும்போதெல்லாம் அந்தத் தட்டல் கேட்கிறது என்று அவள் அழுதது ஒரே ஓர் ஆளிடம், போதகர் வீட்டுச் சமையலறையில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'தட்டப்படும் கதவு'. நடுவில் ஒரு கதை சொன்னார். மழையில் ஓர் அண்ணன் தங்கை வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருப்பவள் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆலயத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அப்போதுதான் மூன்றாவது வரிசையில் பெஞ்சு கிரீச்சிட்டது.

போதகரம்மாவுக்கு அந்தச் சபையில் வேறு ஒரு பெயரும் இருந்தது: பூட்டு. மரியாதையாக வைத்த பெயர்தான். மத்தியான வேளைகளில் வீடு வீடாகப் போவாள். பெண்கள் அவளிடம் ஜெபக்குறிப்பு என்று ஆரம்பிப்பார்கள்; குடிகாரக் கணவன், பேச்சு வராத குழந்தை, மாமியாரின் நாக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அவள் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, கண்ணைத் திறக்கும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வருவாள். கணவரிடம்கூடச் சொன்னதில்லை. "யார் வீட்டுக்குப் போயிட்டு வர்றே?" என்று அவர் கேட்டால், "நடந்துட்டு வர்றேன்" என்பாள். திறமைசாலியான பேச்சாளருக்கு வாக்கப்பட்டவள். தனக்கென்று அவளிடம் இருந்த ஒரே திறமை, பேசாமல் இருப்பது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

தையல்காரம்மா வாசலில் பேசியது தெருவுக்கே கேட்டிருந்தது. இப்போது அந்தப் பூட்டுக்கு ஊர் புதுப்பெயர் வைத்தது: சாவித்துவாரம்.

தான் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தையல்காரம்மா வேறு யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் போதகர் காதுக்கு எப்படிப் போயிற்று? சமையலறைக்கும் அவருடைய படிப்பறைக்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரை எட்டாது. மேலே ஒரு முழ இடைவெளி. அந்த இடைவெளியை அவள் முதல்முறையாக அண்ணாந்து பார்த்தாள்.

கேட்டாள். "வியாழக்கிழமை மத்தியானம் நீங்க உள்ளதான இருந்தீங்க?"

"இருந்தேன். தூங்கிட்டேன்."

"குறட்டை கேக்கலியே."

"அதுக்கும் கணக்கு வெச்சிருக்கியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. கல்யாணமானதிலிருந்து நம்பி வந்த சிரிப்புதான்.

அன்றிலிருந்து அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். சனிக்கிழமைகளில் படிப்பறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். முன்பெல்லாம் அது அவளுக்குப் பக்தியாகத் தெரிந்தது. இப்போது தேநீர் கொண்டுபோனால், கதவைத் திறப்பதற்குள் மேஜையில் எதையோ கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது. வேதாகமத்தைக் கவிழ்த்து வைப்பானேன்?

ஒரு பொறி வைத்தாள். அணைத்து வைத்த அலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, சமையலறையில் நின்று இடைவெளியைப் பார்த்துச் சத்தமாகப் பேசினாள். "அய்யய்யோ! பெரியவர் உயிலையே கிழிச்சு அடுப்புல போட்டுட்டாரா? யார்கிட்டயும் சொல்லாதீங்க!" அப்படி ஒரு பெரியவரே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உயிலும் அடுப்பும் மேடையேறினால், ஒட்டுக்கேட்டவர் கையும் களவுமாகப் பிடிபடுவார்.

உயிலும் வரவில்லை, அடுப்பும் வரவில்லை. ஆலயத்தில் வாய் நிறையப் பாடிவிட்டு, வீட்டில் மனைவியோடு வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத ஒரு மனிதனின் கதை வந்தது. பாடகர் குழுத் தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவி போன மாதம்தான் அழுதுகொண்டே போதகரம்மாவிடம் அதே குறையைச் சொல்லியிருந்தாள். ஆனால் சொன்னது அவர்கள் வீட்டுக் கொல்லையில், துணி காயப்போடும் இடத்தில். அங்கே எந்தச் சுவருக்கும் காது இருக்க வழியில்லை.

ஆராதனை முடிந்து பாடகர் குழுத் தலைவர் வெளிக்கதவருகே நின்றார். "அம்மா, இனிமே எங்க வீட்டுக்கு வரும்போது காதைக் கழட்டி வெச்சிட்டு வாங்க."

"நான் சொல்லலண்ணே."

"நீங்க சொல்லல, எம் பொண்டாட்டி சொல்லல, நான் வீட்ல பேசறதே இல்ல. அப்புறம் எப்படிம்மா வெளிய வந்துச்சு?"

அந்தக் கேள்வியைத்தான் அவளும் சுமந்து திரிந்தாள்.

வீடுகளில் கதவு பாதிதான் திறந்தது. நாற்காலி போட்டார்கள், தேநீர் தந்தார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள். ஜெபக்குறிப்பு கேட்டால், "பொதுவா ஜெபிங்கம்மா, எல்லாருக்காகவும்" என்றார்கள். பொருளாளரின் மனைவி ஒருபடி மேலே போனாள்: "எங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. அப்படியே ஐயாகிட்டயும் சொல்லிடுங்க." போதகரம்மா மத்தியானங்களில் வீட்டிலேயே உட்கார ஆரம்பித்தாள். தன் மேலேயே சந்தேகம் வந்தது. தூக்கத்தில் உளறுகிறேனோ? சில நாள் வாயைத் துணியால் மூடிக்கொண்டு படுத்தாள். "பல்வலியா?" என்று கேட்டார் கணவர்.

பக்கத்து ஊரில் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணம் வந்தது. போதகரும் போனார்; ஆனால் நடத்தி வைத்தது அந்த ஊர்ப் போதகர். கணவனும் மனைவியும் விருந்தாளிகளாக முன்பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த ஊர்ப் போதகர் தொண்டையைச் செருமினார்.

"கல்யாணம் என்பது ஒரே குடைக்குள் இரண்டு பேர். யாருடைய தோள் நனைகிறது என்பதுதான் கேள்வி."

போதகரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் குடை அவள் வீட்டுக் குடை. அவள் கணவர் எல்லாக் கல்யாணத்திலும் விரிக்கிற குடை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"கல்யாணமான முதல் வாரம்," என்றார் அந்தப் போதகர், "என் மனைவி காய்ச்சிய பால் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசாமல் குடித்தேன். இன்னொரு குவளையும் கேட்டேன்."

எல்லாரும் சிரித்தபடி முதல் பெஞ்சில் இருந்த அந்த ஊர்ப் போதகரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நம்மவளுக்கு நன்றாகத் தெரியும். அதே பாலுக்காக அவள் எத்தனையோ கல்யாணங்களில் அப்படியே சிரித்திருக்கிறாள். அவள் வாழ்க்கையில் பால் கருகியதே இல்லை. கணவர் வேடிக்கைக்காகக் கட்டிவிடுகிறார் என்று அத்தனை வருடமும் விட்டுக்கொடுத்திருந்தாள்.

விருந்துக்குப் பிறகு கை கழுவும் இடத்தில் இரண்டு போதகரம்மாக்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"உங்க வீட்டுப் பால் நெஜமாவே கருகிச்சாங்க?"

"எங்கங்க! எங்க வீட்ல பால் காய்ச்சறதே அவருதான்." அந்த அம்மாள் குழாயை மூடினாள். பிறகு சந்தேகமாகப் பார்த்தாள். "ஏன், உங்க வீட்லயும் கருகுதா?"

திரும்பி வரும்போது பேருந்தில் போதகர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். அவர் இறங்கி ஓட வழியில்லாதபடி அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"எங்கிருந்து வருது?"

"எது?"

"பால்."

அவர் மெதுவாகச் சொன்னார். ஒரு பதிப்பகம் இருக்கிறது. சந்தா கட்டினால் அலைபேசிக்கே அனுப்பிவிடுவார்கள். வருகிற ஞாயிறுகளுக்குப் பிரசங்கம், உதாரணக் கதைகளோடு. கல்யாணத்துக்கு வேறு, அடக்கத்துக்கு வேறு. காலை தியானமும் அங்கிருந்துதான். "கையெழுத்துப் போட மட்டும்தான் நான்."

"தட்டப்படும் கதவு?"

"அது நான் பேசறதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே வந்தது. தையல்காரம்மா கதை என்னன்னே எனக்குத் தெரியாது. அவ எந்திரிச்சுப் போனதுகூட எனக்குப் புரியல."

"எனக்குப் புரிஞ்சுது. அதுக்கப்புறம் வீடு வீடா வாங்கிக் கட்டிக்கிட்டது யாரு? நீங்க வாங்கின கதைக்கு நான் கோள்காரிப் பட்டம் சுமக்கிறேன்."

"ஆரம்பத்துல நானே எழுதினேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. இது வந்த பிறகுதான் கண்ணீர் விட்டாங்க, கையைப் பிடிச்சுக்கிட்டாங்க." அவர் ஜன்னலைப் பார்த்தே பேசினார். "ருசி கண்டுட்டேன்."

அவருக்காக மனசு இளகியது. ஆனாலும் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை மேடையில சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் உங்க முன்னாடி வந்து உட்கார மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லிவிடுவாரா, மழுப்பிவிடுவாரா என்று கடைசி வரை அவளுக்குச் சந்தேகம்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் கடைசிப் பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவர் மேடை ஏறினார், தண்ணீர் குடித்தார், சொன்னார். இத்தனை வருடம் பேசியது எதுவும் தன் சொந்தச் சரக்கு இல்லை, பதிப்பகத்திலிருந்து வருவது. யாருடைய வீட்டு விஷயத்தையும் தன் மனைவி தன்னிடம் சொன்னதில்லை. நடந்த தவறு முழுவதும் தன்னுடையது. சுருக்கமாக, தடுமாறித் தடுமாறி. அன்றுதான் அவர் சொந்தமாகப் பேசினார்.

சபை அமைதியாகக் கேட்டது. ஒருவரும் நம்பவில்லை.

தூணுக்கு அந்தப்பக்கம் பொருளாளரின் மனைவி யாரிடமோ கிசுகிசுத்தாள். "பொண்டாட்டிய காப்பாத்த என்ன பாடு படறார் பாரு. இப்படியெல்லாம் பேசறவருக்கு காசு குடுத்து வாங்கின பிரசங்கம் எதுக்கு?"

"தங்கமான மனுஷன்," என்றாள் மற்றவள். "அந்தம்மாவுக்குத்தான் குடுத்து வெச்சிருக்கு."

வாசலில் பாடகர் குழுத் தலைவர் போதகரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பொண்டாட்டிக்காக விட்டுக்கொடுக்கணும் ஐயா. நீங்க செஞ்சதுதான் சரி." அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அதற்குப் பிறகு போதகர் தானாகவே எழுதினார். பாதி நாள் சுமார், சில நாள் மோசம். கல்யாண வீட்டில் யாராவது, "ஐயா, அந்தப் பால் கதை எங்க?" என்று கேட்டால், "அது எங்க வீட்டுப் பால் இல்லைங்க" என்பார். அதற்கும் சிரித்தார்கள்.

ஊரை நம்பவைக்கிற எண்ணத்தை அவள் விட்டுவிட்டாள். ஒரே ஓர் ஆள் நம்பினால் போதும் என்றிருந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டு தையல்காரம்மாவுக்குக் குரலிலேயே ஒரு செய்தி அனுப்பினாள். பதிப்பகம், குடை, பால் எல்லாவற்றையும் சொன்னாள். "உன் கதையில விளக்கு இல்லம்மா, மிஷின்தான் இருந்துச்சு. நான் சொல்லியிருந்தா மிஷின்னுதான சொல்லியிருப்பேன்?" கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. கொஞ்ச நாள் அலைபேசியை அடுப்படியிலும் குளியலறை ஜன்னலிலும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அதையும் விட்டாள். மத்தியானங்களில் மறுபடி நடக்க ஆரம்பித்தாள்; புதிதாகக் குடிவந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் பேசினார்கள். வருடம் மாறியது, மறுபடியும் மாறியது. தையல்காரம்மாவின் வீட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வந்துவிட்டது.

ஒரு மத்தியானம், நடந்து வந்த களைப்பில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது.

"அக்கா, மகளுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு. இங்க இருக்கிற போதகர், பொண்ணு வீட்டைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க, பிரசங்கத்துல சேர்த்துக்கறேன்னு கேக்கறார். தாய்மாமன் பத்தியும் வரணுமாம். எதைச் சொல்றது, எதை விடறதுன்னு எனக்குப் பிடிபடல. நீங்க சொன்னதை நான் இன்னும் முழுசா நம்பல, அதையும் சொல்லிடறேன். ஆனா எங்க வீட்டு விஷயம் முழுசாத் தெரிஞ்ச ஆள் வேற யாரும் இல்ல. நீங்களே எழுதி அனுப்புங்க."