மெஷின்கன்னுக்குப் பொட்டு வைத்தது யார்?

அன்னூர் மயில்சாமி பட்டாளத்தில் சுட்டதைவிட அட்டை கட்டியதுதான் அதிகம். கார்கில் சண்டையில் எதிரியிடம் பிடித்த சாமான்கள் மலையிலிருந்து இறங்கி வரும். துப்பாக்கியோ, தோட்டாப் பெட்டியோ, அடி கருகிய டீ கெட்டிலோ, எதுவானாலும் ஓர் அட்டை கட்டி, என்ன சாமான், எந்த மலையில் பிடித்தது, யார் பிடித்தது என்று எழுதி அடுக்குவது அவர் வேலை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் மிளகாய்த்தூள் டப்பா முதல் மிக்ஸி வரை அட்டை தொங்குகிறது.

"எங்கழுத்துல இன்னும் கட்டலீங்க, அதுவரைக்கும் புண்ணியம்" என்பார் மனைவி பொற்கொடி.

அவர் அட்டை கட்டிய மெஷின்கன் ஒன்று இப்போது அன்னூர்ப் பூங்கா வாசலில், மேடைமேல் நிற்கிறது. அதைப் பிடிக்கும்போதுதான் அவருடைய கூட்டாளி, அதே ஊர் அன்புமணி, குண்டடி பட்டுச் செத்தான். 'யார் பிடித்தது' என்ற இடத்தில் அவன் பெயரை எழுதிய கைதான் இது. அதனால்தான் மயில்சாமி வருஷக்கணக்காக மேலதிகாரிகளிடம் கெஞ்சிக் கூத்தாடி, குழாயை அடைத்துச் செயலிழக்க வைத்த அந்தத் துப்பாக்கியை ஊருக்கு வாங்கி வந்தார். பட்டாளம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. கொடுத்தது கொடுத்தபடியே இருக்க வேண்டும்; இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்கள் இரும்பைக் கண்டால் விடுவார்களா? லேத்து, ஆட்டோ, கத்திரிக்கோல், தராசு என்று எல்லாவற்றுக்கும் ஆயுத பூஜை போடுகிற ஊர். நிஜமான ஆயுதம் ஒன்று நடு ஊரில் நின்றால் என்ன ஆகும் என்று மயில்சாமி யோசிக்காமல் போனார், பாவம். பூஜையன்று விடிந்து பார்த்தால் மெஷின்கன்னுக்குச் சந்தனமும் குங்குமமும் ஜோராக வைத்திருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. மறுநாள் மாலை விழுந்தது. அப்புறம் எலுமிச்சம்பழம். எட்டுப் போடத் தெரியாமல் தவித்த ஒரு பெண் இங்கே வேண்டிக்கொண்டு போய் லைசென்ஸ் வாங்கிவிட, பக்தி முற்றிப்போனது. குழந்தை வரம் கேட்டு யாரோ துப்பாக்கிக் குழாயில் தொட்டில் கட்டியதைப் பார்த்த அன்றுதான் பட்டாளத்திலிருந்து கேப்டன் அபிலாஷ் போன் செய்தார். நாளைக் காலையில் சாமானைப் பார்க்க வருகிறாராம்.

மயில்சாமி விடிந்ததும் வாளியும் சோப்புமாக ஓடினார்.

"ஏனுங்க, சாமியப் போயி சோப்புப் போட்டுத் தேய்க்கறீங்க?" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அம்மணி, இது சாமி இல்லீங்க! எதிரிகிட்டப் புடிச்ச துப்பாக்கி!"

"இருந்தா என்னங்க? நம்மூருக்கு வந்துபோட்டா நம்ம சாமிதானுங்க."

பாதி நுரையும் பாதி மஞ்சளுமாக மெஷின்கன் நிற்க, ஜீப் வந்து நின்றது. கேப்டன் சுற்றி வந்து பார்த்தார். தொட்டிலைத் தொட்டுப் பார்த்தார்.

"இதையெல்லாம் ஆரம்பிச்சது யாரு?"

போச்சு, வண்டியில் ஏற்றப் போகிறார்கள் என்று மயில்சாமி முடிவே கட்டிவிட்டார். அப்போது அன்புமணியின் அம்மா சின்னாத்தாள் முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க மொதப் பொட்டு வெச்சேன்."

மயில்சாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகனைக் கொன்ற துப்பாக்கி இருக்கிற பக்கமே அந்த அம்மா திரும்ப மாட்டார் என்றல்லவா நினைத்திருந்தார்!

"எம்பையன் பட்டாளத்துக்குப் போறதுக்கு முந்தி மோட்டார் ரீவைண்டிங் கடைல இருந்தானுங்க. அவன் ஸ்பேனருக்கு நாந்தான் பொட்டு வெப்பேன். கடைசியா அவங்கை பட்ட இரும்பு இதுதானுங்களே. பூஜையன்னைக்கு எப்படிங்க வெறும்னே உடறது?"

கேப்டன் தொப்பியைக் கழற்றினார்.

"ஆனா கழுவித்தான் ஆகணும் அம்மா."

"கழுவுங்க. தண்ணி நானே ஊத்தறேன்."

சின்னாத்தாள் ஊற்றினார், மயில்சாமி தேய்த்தார். தேய்த்தவருக்குக் கண்ணீர் வந்தது; அதை மறைக்கவும் இல்லை. தொட்டிலைக் கட்டிய பெண்ணே வந்து அவிழ்த்துக்கொண்டாள். கேப்டன் இன்னொரு தரம் சுற்றிப் பார்த்து, "கொடுத்தபடியே இருக்கு" என்றார். ஜீப்பில் ஏறும்போது, "அடுத்த வருஷம் எப்ப வரட்டும்?" என்று கேட்டார்.

"ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு வாரம் போகட்டுங்க சார்" என்று மயில்சாமி முந்திக்கொண்டார்.

"அதென்ன கண்ணு, அவரையப் போயி அப்படிச் சொல்ற?" என்றார் சின்னாத்தாள். "பூஜையன்னைக்கே வாங்க சாமி. பொரி கடலை தாரேன்."