மூச்சுவிடாத சுருதி

எழுபதுகளின் இறுதி. திருவள்ளூரை அடுத்த எங்கள் ஊர்ப் பஜனை மடத்தில், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் முன்னின்று பாசுரம் பாடுபவன் நான். பின்னால் அமர்ந்து தம்புரா மீட்டுபவள் என் மனைவி. அவ்வாண்டு வாதத்தால் அவள் விரல்கள் வீங்கிவிட்டன. தந்தியைத் தொட்டாலே முகம் சுருங்கும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் மின்பழுது பார்த்துவந்த மைத்துனன், தானே செய்த தகரப் பெட்டியொன்றைக் கொண்டுவந்தான். சுவிட்சைத் தட்டியதும் சுருதி பிசிறின்றி எழுந்தது.

“இன்னா மாமா, எப்படிக்கீது? தந்தி அறுந்துபூடும்னு பேஜாரே இல்ல. அக்கா கையக் கட்டிக்கினு குந்தலாம்.”

சுருதியில் குற்றமில்லை. ஆயினும் முதற் சனிக்கிழமை, ஓரடி பாடி நிறுத்திய நான் மறுவடி எடுக்க இயலாமல் நின்றுவிட்டேன். பாசுரம் நாவிலேயே இருந்தது. தம்புராவின் கடைசித் தந்தி கனத்து ஒலித்த பிறகே நான் அடுத்த அடியைத் தொடங்குவேன் என்பதை அன்றுதான் அறிந்தேன். பெட்டிக்கோ கடைசித் தந்தி என்பதே இல்லை. நான் காத்திருந்தேன், அது ஓடிக்கொண்டே இருந்தது.

கோஷ்டியில் ஒருவர் அடியை எடுத்துக்கொடுத்தார். வெளியே வந்ததும், “வயசாவுது இல்லண்ணே. மறதி வர்றது சகஜம். அடுத்த வாரம் நான் பாடட்டா?” என்றார், அன்பாகத்தான்.

பெருமாள் முன் பாடும் இடம் கைநழுவினால் எனக்கு எஞ்சுவது எது? அவ்வாரம் நிலைகொள்ளாமல் அலைந்தேன். வரப்பில் பாடினால் ஓரடியும் இடறவில்லை; பெட்டியைப் போட்டால் முதலடியோடு நின்றேன். நான் சொன்னதைக் கேட்டு, மைத்துனன் அதில் தந்தி மீட்டுவதுபோன்ற சீரான துடிப்பொன்றைச் சேர்த்தான். அது என்னைப் பின்னின்று தள்ளியது. தம்புராவின் உறையைக் கழற்றுவேன். அவள் விரல்களைப் பார்த்து மறுபடி மூடுவேன்.

“இன்னாத்துக்கு நடந்துக்கினே கீறீங்க? குந்திப் பாடுங்க.”

அவள் பெட்டியை மடியில் வைத்தாள். துடிப்பை நிறுத்தி, ஒலிக் குமிழைப் பற்றினாள். நான் அடியை முடிக்கையில் சுருதி தணிந்தது. மூச்சிழுத்தேன். அது மெல்லப் பெருகியபோது அடுத்த அடி தானே எழுந்தது.

“அக்கா, திருப்பிக்கினே இருந்தா தேஞ்சுபூடும்!” என்று மைத்துனன் பதறினான்.

“தேஞ்சா வேற போடு. உங்க மாமா மூச்சு வாங்க வாணாமா?”

பழைய ரேடியோவிலிருந்து பெரிய குமிழொன்றைக் கழற்றி வந்து, வீங்கிய விரல்களுக்கு வாகாகப் பொருத்தினான். சனிக்கிழமை நானே பாடினேன்; பின்னால் அவள் பெட்டியோடு அமர்ந்திருந்தாள். நடுவே ஒருமுறை சுருதி தணியத் தாமதித்தது. வலியோ என்று பதைத்துத் திரும்பினேன்.

“முன்னால பாத்துப் பாடுங்க,” என்றாள்.