அப்பளக்காரியின் பை

மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற கல்லிகளில், அந்தக் குறுகல் சந்துகளில், ஜெபாவை அப்பளக்காரி என்றுதான் சொல்வார்கள். அப்பளம் விற்றதும் உண்மைதான். மஞ்சள் துணிப்பையில் பாக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டு காலையில் ஏழெட்டு வீடு ஏறி இறங்குவாள். ஆனால் அவளுக்குச் சோறு போட்டது அப்பளம் இல்லை. அப்பளத்துக்கு அடியில், பழைய துண்டில் சுற்றி, காசநோய் மாத்திரை அட்டைகள் கிடக்கும்.

அந்த வேலையைக் கொடுத்தது ஒரு சின்ன டிரஸ்ட். நோயாளியின் வீட்டுக்குப் போய், மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கச் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை பருப்பும் வேர்க்கடலையும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டில் இன்னொருவர் இருமினால் சோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆறு மாதம் ஒருநாள் விடாமல் விழுங்கினால் ஆள் பிழைத்துக்கொள்வார். அதற்கு ஏன் இந்த அப்பள வேஷம் என்றால், அங்கே ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு என்பார்கள். சுவர் அவ்வளவுதான். நோய்க்காவது மருந்து இருக்கிறது, ஊர் நாக்குக்கு எங்கே போய் மருந்து வாங்குவது?

ஜெபாவுக்கு இது யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் இல்லை. பத்தொன்பது வயதில் அவளுக்கே இந்த நோய் வந்தது. அம்மாக்காரி அவளை முலுண்டில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகள் டைப்பிங் படிக்கப் போயிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். ஆறு மாதம் கழித்துச் சதை போட்டுத் திரும்பி வந்தவளைப் பார்த்து, சித்தி கைச்சாப்பாடு ஒத்துக்கொண்டது என்று எல்லோரும் நம்பினார்கள். தோல் பை தைக்கிற எட்வினுக்குக் கழுத்தை நீட்டும்போது பாதிரியார் கேட்டதற்கெல்லாம் ஆம் என்று சொன்னாள். இதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இருபத்து நான்கு வருஷம் ஓடிவிட்டது.

நம்பிராஜன் அவளுடைய பட்டியலில் ஒருவர். இட்லி வியாபாரம். அவர் வீட்டில் அவித்த இட்லியைத்தான் ஆறு பேர் விடியற்காலையில் பாத்திரங்களில் நிரப்பி, சைக்கிளில் கட்டி, தாதர், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கொண்டுபோய் விற்பார்கள். நோய் வந்த நாளிலிருந்து அவர் மாவுப் பக்கமே வரவில்லை. பரணில் படுக்கை. மனைவி தங்கமயில்தான் தனியாக அடுப்போடு போராடினாள். நான்கு மாத மாத்திரையில் இருமல் நின்றிருந்தது, எடையும் ஏறியிருந்தது. இனி அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் டாக்டர் சொன்னதையா கல்லி கேட்கும்? இட்லி அவிக்கிற வீட்டில் காசநோய் என்று தெரிந்தால் அன்றோடு அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான்.

அது தெரிந்தது, ஜெபாவால்தான் தெரிந்தது.

மஞ்சள் பையின் காது அறுந்துபோயிருந்தது. தைத்துத் தரச் சொல்லி எட்வினிடம் கொடுத்து ஒரு வாரம் ஆகியும், நாளைக்கு நாளைக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் பை தைக்கிறவர் வீட்டில் பெண்டாட்டிக்குப் பை இல்லை. அன்றைக்கு நல்ல மழை. டிரஸ்டில் புதிதாக அடித்துக் கொடுத்த நீலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதில் மூன்று மொழியில் காசநோயை ஒழிப்போம் என்று எழுதியிருந்தது. படிக்கத் தெரியாதவர்களை மட்டும் விடுவானேன் என்று, பெரிதாக இரண்டு நுரையீரலும் வரைந்திருந்தது. எழுத்தை உடம்போடு ஒட்டித் திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். நம்பிராஜன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது பை புரண்டுவிட்டது. அங்கே சைக்கிளில் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த வேலுச்சாமி, இட்லிக்காரர்களில் மூத்தவர், படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பரணை அண்ணாந்து பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் இரண்டு பேர்தான் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் யாரும் வரவில்லை. நானூறு இட்லி அப்படியே ஆறிக் கிடந்தது.

ஜெபா போனபோது தங்கமயில் வாசலை மறித்து நின்றாள். பரணிலிருந்து நம்பிராஜனின் குரல் மட்டும் வந்தது.

"நோவு என்னயக் கொல்லல. ஒங்க பைதான் கொன்னுட்டு. இனும இந்த வாசலுக்கு வராதிய."

மாத்திரையை அவர் தொடவே இல்லை. நான்காம் மாதத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஜெபாவுக்கு நன்றாகத் தெரியும். நோய் திரும்பி வரும், வரும்போது பழைய மருந்துக்கு மசியாது. அப்படி நிறுத்திய ஒருவரைப் போன வருஷம்தான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆபீஸில் சொன்னாள். அடுத்த வாரம் ஆள் அனுப்பிப் பேசுகிறோம் என்றார்கள். அடுத்த வாரம்! மூன்று நாள் அந்தப் பக்கம் போவதும் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதுமாக இருந்தாள். ராத்திரி சோறு இறங்கவில்லை. நாம் செய்த பாவம், நாம்தான் கழுவ வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

வராதே என்று சொன்னதிலிருந்து ஐந்தாம் நாள் காலையில் அதே நீலப் பையை, படம் வெளியே தெரிகிற மாதிரி, தோளில் மாட்டினாள். கல்லி முனை டீக்கடையில் இட்லிக்காரர்கள் ஆறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நேரே போய் நின்றாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

"இந்தப் பை என் பை. இந்த நோவு எனக்கு வந்த நோவு. தங்கமயில் வீட்டுக்கு நான் அப்பளம் குடுக்கப் போனேன், அம்புட்டுதான். வேணும்னா என்கிட்ட அப்பளம் வாங்காதிய. அவிய வயித்துல அடிக்காதிய."

பாதி உண்மை, பாதி பொய். ஆனால் அந்த உண்மைப் பாதியைத்தான் இருபத்து நான்கு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். வேலுச்சாமி தூக்கிய டீ கிளாஸை அப்படியே கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதை ஜெபா பார்த்தாள். பார்த்ததை மறக்கவே இல்லை.

ஊர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று அன்று சாயந்திரம் எட்வின் வந்ததும் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னாலா என்று மட்டும் அவர் கேட்டார். ஆமாம் என்றாள். நான்கு நாள் அவள் போட்டுவைத்த சாப்பாட்டை அவர் தொடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் கதவு ஆணியில் மஞ்சள் பை தொங்கியது. அறுந்த காதுக்குத் தோல் பட்டை வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தது. கோபம் போய்விட்டதா என்று அவள் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அப்பளம் வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. ஆனால் இட்லிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கமயில் வீட்டுக்குத் திரும்பினார்கள். கடைசியாக வந்தவர் வேலுச்சாமி. ஒரு நாள், அவர்கள் சைக்கிளில் கிளம்பிப் போன பிறகு ஜெபா போனபோது, கதவு திறந்திருந்தது. பரணிலிருந்து ஒரு கை நீண்டது. ஜெபா அதில் மாத்திரையை வைத்தாள். நம்பிராஜன் அவள் முகத்தைப் பார்க்காமல் விழுங்கினார். தினமும் அப்படித்தான். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து டாக்டர் கணக்கை நீட்டினார். நம்பிராஜன் மறுப்புச் சொல்லவில்லை.

கடைசி மாத்திரை ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நம்பிராஜன் பரணில் இல்லை. சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஆறு பேரும் பாத்திரம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பார்க்க ஜெபாவின் கையிலிருந்து மாத்திரையை வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தங்கமயில் பதறிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நோவு எனக்குத்தான் இருந்துச்சு. இன்னியோட முடிஞ்சிட்டு. இந்தம்மா எனக்காகப் பொய் சொல்லிட்டு. அவிய மேல ஒண்ணும் இல்ல. இட்லி வேண்டாம்னு சொல்லுதவிய இப்பமே போயிரலாம்."

யாரும் நகரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஜெபாவுக்கு எல்லாம் திரும்பி வந்திருக்கும், அப்பளம் உட்பட.

"பொய் இல்ல அண்ணாச்சி. எனக்கும் இருந்துச்சு. பத்தொம்பது வயசுல. நானும் இதத்தான் முழுங்கினேன்."

நம்பிராஜன் அன்றுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். இட்லிக்காரர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளை எடுத்தார்கள், பாத்திரம் நிறைந்துதான் இருந்தது. வேலுச்சாமி மட்டும் போகவில்லை. கேரியர் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றார். மற்றவர்கள் கல்லி திரும்பிய பிறகு ஜெபாவின் பக்கத்தில் வந்தார்.

"என் மருமவளுக்கு ரெண்டு மாசமா இருமலு. வெளிய சொல்லாம வச்சிருக்கோம். நீ ஒரு எட்டு வந்து பாரு தாயி." கல்லி முனையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அந்த நீலப் பையோட வந்தாலும் சரிதான்."