செத்த பொறுங்க, மதர்!

காற்று திரும்பிவிட்டால் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற வாடை எங்கள் பள்ளி ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேடைப் பலகையில் தேய்த்த மெழுகு வாசமும் அதோடு கலக்கும். இன்றைக்கும் எனக்கு ஒத்திகை என்றால் அந்த வாசம்தான்.

மூக்கைச் சுளிக்கிற பெண்ணுக்கு என்னிடம் முன்வரிசை கிடையாது...

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் நான் படித்த கான்வென்டிலேயே எனக்கு வேலை. ஆங்கிலமும் நடனமும் சொல்லிக்கொடுத்தேன். ஆண்டு விழா நாட்டிய நாடகத்தை அப்போது "பாலே" என்றுதான் சொல்வோம். சலங்கை கட்டிய பாலே! பிரான்ஸிலிருந்து வந்த எங்கள் மதர் மட்டும் சின்ன வயதில் அசல் பாலே பார்த்தவர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

அந்த வருடம் தாய்ப்புறா கதை. வலையில் சிக்கிய குஞ்சுகளை மீட்டுவிட்டுத் தாய் இறந்துபோகும். அந்த வேடம் போடுகிறவள் ஆரம்பம் முதல் முடிவு வரை மேடையை விட்டு இறங்க முடியாது. வலையோடு துள்ளித் துள்ளி ஆடி, பிறகு மரண ஆட்டம் ஆடி, நெஞ்சு ஏறி இறங்குவது தெரியாமல் செத்துக் கிடக்கவேண்டும். மூச்சு வாங்குகிற பிணத்தைப் பார்த்தால் ஊர் சிரித்துவிடாதா?

போட்டி இரண்டு பேருக்குள்.

டாக்டர் மகள் ஹெலன். பார்க்க அழகு, தாளம் பிசகாது. "ரெடியா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "ரெடி மிஸ்!" என்று வந்து நிற்பாள்.

பழனியம்மாள் கன்னிவாடியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். பேச்சு கம்மி. ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். துள்ளி இறங்கினால் மற்ற பெண்களுக்குப் பலகை "தட்" என்று சொல்லும். இவளுக்குச் சலங்கை மட்டும்தான் பேசும்.

அவளையே தேர்ந்தெடுத்தேன். மதர் ஒருநாள் ஒத்திகை பார்க்க வந்தார். வலை ஆட்டம் முடிந்ததும், "மரண ஆட்டத்துக்கு ரெடியா, சைல்ட்?" என்று அவரே கேட்டார்.

பழனியம்மாளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு. "செத்த பொறுங்க மதர்... மூச்சு வரட்டும்."

மதர் முகம் வெளுத்துவிட்டது. புத்தகத்தில் தமிழ் கற்றவருக்கு "செத்த" என்றால் ஒரே அர்த்தம்தானே! என்னைத் தனியே அழைத்தார். "குழந்தை சாகிறேன் என்கிறாள். மூச்சு வரவில்லை என்கிறாள். இவள் வேண்டாம். ஹெலன் ஆடட்டும்."

"செத்த என்றால் கொஞ்ச நேரம், மதர். இங்கே காபி போடக்கூட செத்த நேரம் ஆகும்."

அவர் சிரிக்கவில்லை. "என் சித்தி மகள் ஒருத்தி. சின்ன வயதிலேயே பெரிய வேடம் கொடுத்தார்கள். எத்தனை களைத்தாலும் ரெடி, ரெடி என்றே ஆடினாள். ஒருநாள் விழுந்தாள். பிறகு ஆடவே இல்லை."

"நானும் அதையேதான் சொல்கிறேன், மதர். களைத்தால் இவள் வாயைத் திறந்து சொல்கிறாளே!"

மதர் மேடையைப் பார்த்தார். அங்கே பழனியம்மாள் தலையைக் குனிந்தபடி சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருத்தி, "ஏன்டி, ரெடின்னு சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கடிந்தாள்.

"மூச்சு வாங்குறப்ப எப்படிடி ரெடிங்கிறது? பொய்யில்ல அது?"

மதர் திரும்பினார். "இரண்டு பேரும் ஆடட்டும். இப்போதே பார்ப்போம்."

ஹெலன் முதலில் ஆடினாள். வலை ஆட்டம் பிரமாதம். நிற்காமல் அப்படியே மரண ஆட்டத்துக்குள் பாய்ந்தாள். விழுந்து கிடந்தபோது நெஞ்சு துருத்தி மாதிரி அடித்துக்கொண்டது. கீழே உட்கார்ந்திருந்த குட்டிகள் கத்தின: "மிஸ், புறா இன்னும் சாகல!"

அடுத்தது பழனியம்மாள். வலை ஆட்டத்தை முடித்து நின்றாள். "செத்த..." என்று ஆரம்பித்தவள் பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

"பொறு, சைல்ட், பொறு" என்றார் மதர்.

அவள் குனிந்து, நன்றாக இருந்த சலங்கையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். நிமிர்ந்தபோது மூச்சு அடங்கியிருந்தது. ஆடினாள். விழுந்தாள். கன்னத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது... அசையவில்லை. மதருக்கே சந்தேகம் வந்து குனிந்து, "சைல்ட்?" என்றார்.

"என்ன மதர்?" கண் திறக்கவில்லை!

வலை ஆட்டத்துக்கும் மரண ஆட்டத்துக்கும் நடுவே, புறா சிறகை மடக்கி வலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்பதாக மாற்றி அமைத்தேன். விழாவன்று அதைப் பார்த்தவர்கள் தாயின் துக்கம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அது மூச்சு. ஹெலனுக்கு வேடன் வேடம். மீசை ஒட்டியதும் அவளும் சமாதானமாகிவிட்டாள்.

திரை ஏறத் தாமதமாகிக் கூட்டம் சலசலத்தபோது மதரே மைக்கைப் பிடித்தார். "அன்பான பெற்றோர்களே... செத்த பொறுங்க!" ஹாலே அதிர்ந்தது. முன்வரிசையில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார். அவர் இருந்தவரை, நான் புடவை கட்டி முடிப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வரும்: "இன்னும் செத்த பொறுக்கணுமா, டீச்சரம்மா?"

இப்போதும் குழந்தைகளின் நடனப் போட்டிக்கு மார்க் போட என்னைக் கூப்பிடுகிறார்கள். நன்றாகத்தான் ஆடுகிறார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் எல்லாருமே ரெடி. அம்மாக்கள் அவர்களுக்கும் முன்னால் ரெடி. கொஞ்சம் இருங்கள் என்று ஒரு பிள்ளைகூட என்னிடம் கேட்டதில்லை...

போன வாரம் ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனியம்மாள் போன் செய்தாள். எழுபதைத் தாண்டியவள். முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

"நடக்க ரெடியான்னு டாக்டர் கேட்டாரு மிஸ். என்ன சொன்னேன்னு நினைக்கிறீங்க?"

இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சரி, நடந்தியா?"

"போனைக் கீழ வச்சுட்டு நடக்குறேன். கேளுங்க."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"தட்" என்று ஒரு சத்தமும் வரவில்லை.