உலகப் படமும் சாத்திய கதவும்

எழுபதுகளின் கடைசியில் நான் ஜமுனாமரத்தூரில் ஆசிரியர்; என் மனைவி நர்ஸ். தினமும் காலை ஆறு மணிக்குக் குடும்பமாக உட்கார்ந்து, சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஒரு நாட்டைத் தொட்டு, அங்கே நடக்கும் ஊழியத்துக்காக ஜெபிப்போம். அந்த நேரத்தில் யார் கதவைத் தட்டினாலும் எனக்குப் பிடிக்காது. மருந்து கேட்டு வந்த ஒருவரை ஊரே கேட்கத் திட்டியிருக்கிறேன்.

அன்று என் மகள் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டைத் தொட்டாள். அங்கே மருந்தில்லாமல் சாகும் பிள்ளைகளுக்காகவும், அவர்களைத் தேடிப் போகும் மிஷனெரிகளுக்காகவும் முக்கால் மணி நேரம் உருகி உருகி ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கதவைத் திறந்தால், வாசலில் பக்கத்து வீட்டுக் காசியம்மா மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். ராத்திரியிலிருந்து குழந்தைக்கு வாந்தி பேதியாம். என் மனைவி நாடி பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏம்மா தட்டல?” என்றேன்.

“சாமி கும்பிட்றப்ப தட்டுனா திட்டுவீங்களே சார். உள்ள புள்ளைங்களுக்குன்னு வேண்டிக்கினு இருந்தீங்க. எம் புள்ளைக்கும் சேத்துத்தான்னு குந்திக்கினு இருந்தேன். இப்பதான் மூச்சு நின்னுச்சு.”

அதற்குப் பிறகு கதவைத் திறந்துவைத்துத்தான் ஜெபிக்கிறோம். அந்த நேரத்தில் இன்றுவரை ஒருவரும் எங்கள் வாசல் ஏறியதில்லை.