சிவப்பு நீரைத் தின்ற சேறு

வலங்கைமான் பக்கத்தில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால், நான் கல்லூரியில் படித்த காலத்தில் நாளுக்கொரு நிறமாக ஓடியது. மேலே பட்டுநூலுக்குச் சாயம் தோய்க்கும் பட்டறைகள் இருந்தன. இன்றைக்கு அரக்கு, நேற்று பச்சை என்று நாற்றங்காலில் நின்றே சொல்லிவிடுவோம்.

அந்த வயல் அப்பாவுக்குச் சும்மா வந்ததல்ல. பண்ணையில் கூலிக்கு உழைத்த குடும்பம் எங்களுடையது. உச்சவரம்புச் சட்டம் வந்தும் பண்ணையார் நிலத்தைப் பினாமி பெயர்களில் பதுக்கி வைத்திருந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வயலில் கொடி நட்டு, சிறைக்கும் போய்வந்த பிறகுதான் அப்பாவுக்குப் பட்டா கிடைத்தது. அந்த மண்ணில் மடையோர நாற்று கருகியபோது அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"பண்ணையார்னா எதுத்து நிக்கலாம். பட்டறைக்காரனும் நம்மளாட்டம் உழைக்கிறவன்தான். அவன்கிட்டப் போயி என்னத்தச் சண்டை போடுறது?" என்றார்.

தஞ்சாவூரில் நுண்ணுயிரியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த நான், ஆய்வுக்கு இந்த வாய்க்காலையே எடுத்துக்கொண்டேன். பட்டறைக் குழாயிலிருந்து கழிவு விழும் இடத்துச் சேற்றை அள்ளிவரச் சொன்னார் என் பேராசிரியை.

"அதுல எது மேடம் உயிரோட இருக்கும்?"

"அங்கயும் சாகாம இருக்குதே, அதுதாம்மா நமக்கு வேணும்."

சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சாயத்தைத் தின்னுமா என்று பார்க்க, குடுவைகளில் சிவப்புச் சாயநீரும் கொஞ்சம் சேறும் சேர்த்து, காற்றுப் படட்டும் என்று குலுக்கும் இயந்திரத்தில் வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அதே சிவப்புதான். பிறகு காவிரித் தண்ணீர் கேட்டு மறியல் தொடங்கியது. பஸ் ஓடவில்லை. நான் ஊரிலேயே மாட்டிக்கொண்டேன். ஆய்வகத்தில் மின்சாரம் போய், இயந்திரமும் நின்றிருக்கிறது.

பஸ் விட்டதும் ஓடினேன். பேராசிரியை வாசலிலேயே நின்றிருந்தார். "உள்ள வந்து பாரு" என்றார்.

குடுவைக்குள் சிவப்பே இல்லை. வைக்கோல் ஊறிய நீர்போல லேசான மஞ்சள். குடுவையைத் தூக்கி ஜன்னலோரம் பிடித்தேன். அதன் வழியே எதிரேயிருந்த வேப்பமரம் தெரிந்தது. நாங்கள் குலுக்கிக் குலுக்கிக் காற்றூட்டியவரை அந்த நுண்ணுயிர்கள் சாயத்தைத் தொடவில்லை. குடுவை அசையாமல் நின்று, நீரில் காற்றுத் தீர்ந்ததும்தான் சாயத்தின் முடிச்சுகளை அவிழ்த்திருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தேன். சின்னஞ்சிறு குச்சிகள், அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொல்லத் துடித்தேன். பேராசிரியை தடுத்தார். "நிறம் போயிடுச்சு. விஷம் போயிடுச்சா? நெல்லைப் போட்டுப் பாரு."

தெளிந்த நீரிலும் சிவப்பு நீரிலும் தனித்தனியே விதைநெல்லை ஊறவைத்தேன். சிவப்பு நீரில்கூட அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை கட்டியது. தெளிந்த நீரில் ஒன்றுகூட முளைக்கவில்லை. உடைந்த சாயம், உடையாத சாயத்தைவிடக் கொடியதாக இருந்தது. கண்ணுக்கு நல்ல தண்ணீர்போலத் தெரியும் விஷத்தை வயலுக்கு விடச் சொல்லியிருப்பேனே!

அதற்கும் அந்தச் சேற்றிலேயே வழி இருந்தது. தெளிந்த நீரை வேறொரு குடுவைக்கு மாற்றிக் காற்றூட்டியபோது, அதுவரை சும்மா இருந்த வேறு நுண்ணுயிர்கள் பெருகி, மிச்சத்தைத் தின்றன. சாயத்தில் இருந்த குரோமியத்தைத் தின்ன எந்த உயிராலும் முடியாது. ஆனால் நீரில் கரைந்து திரிந்த அதை வண்டலாகப் படியவைத்துவிட்டன. இந்த முறை நெல் முளைத்தது. வெள்ளை வெளேரென்று வேர்கள். பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முளைத்த நெல் இருந்த தட்டை முகத்தருகே வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். முழங்கைவரை நீலமேறிய கையோடு வந்தார் பட்டறைக்காரர்.

"மூடச் சொல்லத்தானே வந்திருக்கீங்க?"

"இல்லண்ணே. கொல்லையில ரெண்டு தொட்டி கட்டச் சொல்ல வந்தோம். ஒண்ணுல தண்ணி அசையக் கூடாது. இன்னொண்ணுல காத்து விடணும். ரெண்டுலயும் சேறு போட்டா, அதுல இருக்கிற நுண்ணுயிருங்க சாயத்தைத் தின்னுடும்."

அப்பா முளைத்த நெல்லை அவர் உள்ளங்கையில் வைத்து, "உங்க சாயத்தண்ணியில முளைச்சதுங்க இது" என்றார். பட்டறைக்காரர் நம்பவில்லை. ஆனாலும் கட்டினார். அடைமழையில் தொட்டியின் வேலை மந்தப்பட்டது. ஒருமுறை நுண்ணுயிர்கள் எல்லாம் செத்து, மறுபடி சேறு போட்டோம். படிந்த வண்டலை வாய்க்காலில் கொட்டாமல் தனியே சிமெண்டுக் குழியில் சேர்த்தோம். மற்றப் பட்டறைகளில் சிலர் கட்டினார்கள், சிலர் கடைசிவரை கட்டவேயில்லை. வாய்க்கால் முழுக்கத் தெளிந்தது என்று சொன்னால் பொய்.

முதல் தொட்டி தெளிந்த வாரம் பட்டறைக்காரர் என்னைத் தனியே அழைத்தார்.

"ஏம்மா, பண்டிகைக்குப் பட்டறையை மூடிட்டா அதுங்களுக்குப் பசிக்காதா?"

"பசிக்கும்ணே. கஞ்சித்தண்ணி ஊத்துங்க."

தீபாவளியன்று போய்ப் பார்த்தபோது, புது வேட்டி கட்டிய அந்த மனிதர், கண்ணுக்குத் தெரியாத அவற்றுக்காகத் தொட்டியோரம் குனிந்து, சூடு ஆறிவிட்டதா என்று விரல்விட்டுப் பார்த்து, வடித்த கஞ்சியை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார்.